புடி என்றதும் நின்ற வாகை

கடைசியில் ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன். வெங்காயப் பேட்டை முழுக்கக் கேட்ட சிரிப்பு அது, பேருந்து நிலையத்தில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். இப்போதே கொடுத்துவிட்டால் எழுந்து போய்விடுவீர்கள், அதனால் தரமாட்டேன். நாங்கள் நாற்பத்தோரு நாள் காத்துக் கிடந்தோம், நீங்கள் கொஞ்ச நேரம் காத்திருந்தால் ஒன்றும் தேய்ந்துவிட மாட்டீர்கள். யாரை ஏமாற்றினேன் என்பதை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மரத்தை.

என் பெயர் முத்தரசி, ஆனால் பேட்டையில் எல்லோருக்கும் நான் ரேடியோ. ஏலக்காரர் இருளப்பனின் மூக்கடைத்த குரல், டீக்கடை செவனம்மாக்கா கடன்காரனை வைகிற குரல், லாரி பின்னால் வரும்போது பாடுகிற பாட்டு, கண்காணிப்பாளர் ஞானதுரை சார் பேசுவதற்கு முன் மூன்று தடவை இருமுவது, எல்லாம் என் தொண்டைக்குள் இருந்தன. ஞானதுரை சார் குரலில் மைக்கில் 'இன்னைக்குப் பேட்டை லீவு' என்று சொல்லிப் பதினாறு லாரியைத் திருப்பி அனுப்பியது யார் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து தெரியாததுபோலவே இருங்கள். எனக்கென்று ஒரு குரல் உண்டா என்றால், பள்ளிக்கூடத்தில் டீச்சர் பேர் கூப்பிடும்போது நான் 'உள்ளேன் டீச்சர்' சொன்னதே பக்கத்து பெஞ்சுக்காரி குரலில்தான்.

ஒரே ஒரு குரல் மட்டும் எனக்குத் தடை. அது என் அப்பா குரல்.

அப்பா, சங்கிலி மேஸ்திரி, பதினான்கு லோடுமேன்களுக்கு மேஸ்திரி. லோடுமேன்களிடம் ஒரு முறை இருக்கிறது, அது தெரியாமல் இந்தக் கதை உங்களுக்குப் புரியாது. மூட்டையை ஏற்றிவிடுகிறவர் 'புடி' என்பார். சுமக்கிறவன் எவ்வளவு நொந்தாலும் தானாகக் கீழே போடக்கூடாது, ஏற்றியவர் 'எறக்கு' என்று சொன்ன பிறகுதான் இறக்க வேண்டும். தலையில் எண்பது கிலோ இருக்கிறவனுக்குக் கால்கிட்ட பிள்ளை நிற்கிறதா ஆடு நிற்கிறதா என்று தெரியாது, பார்க்கிற கண் ஏற்றியவருடையது. அப்படி 'புடி' சொன்னவர் 'எறக்கு' சொல்லும்வரை சுமை சாய்கிற பக்கத்தில்தான் நிற்க வேண்டும். விழுந்தால் முதல் அடி தனக்கு என்று தெரிந்தவன்தான் சரியான நேரத்தில் சொல்வான் என்று எப்போதோ யாரோ வைத்த முறை. அப்பா இருபத்தாறு வருஷம் அந்தப் பக்கத்தில் நின்றார். ஆடி மாதம் மூட்டை அடுக்கு ஒன்று சரிந்தபோதும் அந்தப் பக்கத்தில்தான் நின்றார்.

இடுப்புக்குக் கீழே எல்லாம் போனது, தொண்டையும் போனது. கால் வராது என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார், குரலைப் பற்றி மட்டும் 'வந்தாலும் வரும்' என்றார். அந்த ஒரு வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள் என் அம்மா தங்கமாரி. அன்றோடு வீட்டில் மிக்ஸி ஓடுவது நின்றது, டிவி நின்றது, அம்மா பாத்திரத்தைத் துணி விரித்து அதன்மேல் வைத்தாள், குரல் வருவதானால் மெதுவாகத்தான் வரும், அது வரும்போது அதன்மேல் வேறு சத்தம் விழுந்துவிடக் கூடாது என்று மூச்சைக்கூட அளந்து விட்டாள். என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "எவ குரல வேணும்னாலும் பேசிக்க. அந்த மனுசன் குரலத் தொட்ட, நாக்குல சூடு வச்சிருவேன் பாத்துக்க."

அப்பா கட்டில் சட்டத்தைத் தட்டிப் பேசினார். வாயில் கயிற்றைக் கடித்துக்கொண்டு வேலை பார்க்கும்போது லோடுமேன்கள் தட்டுகிற அதே தட்டுத்தான். ஒரு தட்டு புடி. இரண்டு தட்டு ஆளை மாற்று. மூன்று தட்டு எறக்கு.

எங்கள் வீடு பேட்டைச் சுவரை ஒட்டிய வரிசையில் கடைசி வீடு, அதற்கு மேற்கே அந்த வாகை. எண்பது வருஷத்து மரம். தை, மாசியில் அதன் நெற்றுகள் காய்ந்து, காற்றே இல்லாவிட்டாலும் சளசளவென்று ஆடிக்கொண்டிருக்கும், யாராவது வழுக்கி விழுந்தால் மரம் சிரிக்கிறது என்பார்கள். போன வருஷம் சாக்கடை தோண்ட வந்தவர்கள் மேற்குப் பக்கத்து வேர்களைக் கத்தரித்துவிட்டுப் போனார்கள். மரம் எதுவும் சொல்லவில்லை. கார்த்திகையில் புயல் வந்தது.

பகல் மூன்று மணி. வீட்டில் அப்பா மட்டும்தான், அம்மா மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். நான் சாக்குக் கொட்டகையில் மொக்கைச்சாமி சித்தப்பாவுக்குப் புயல் எச்சரிக்கை வாசிக்கிற அம்மாள் மாதிரி பேசிக் காட்டிக்கொண்டிருந்தேன், பதினான்கு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அப்போது தரை முறுக்கிக்கொள்கிற சத்தம் கேட்டது. வாகை எங்கள் வீட்டைப் பார்த்துச் சாய்ந்தது. அவசரமில்லாமல், உட்கார இடம் பார்த்துவிட்டவன் உட்காருவதுபோல. யோசிக்க நேரமில்லை, எனக்குள் இருந்த அத்தனை குரல்களையும் தள்ளிக்கொண்டு ஒரு குரல் வெளியே வந்தது, கரகரத்து, அடிவயிற்றிலிருந்து, கடைசியில் சற்றே இழுத்து:

"புடி! விடாத! நான் சொல்ற வரைக்கும் எறக்காத!"

மரம் நின்றது.

பாதி விழுந்தபடி நின்றது. மேற்கே வேர்த்தட்டு தரையைவிட்டு இரண்டு முழம் எழும்பிக் குதிகால் தூக்கியது போலிருந்தது, கிழக்கே அதன் முதுகு எங்கள் ஓட்டுக்கு ஆறடி மேலே. எந்த மரமும் நிற்க முடியாத சாய்வில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, சொன்னால்தான் இறக்குவேன் என்று நின்றது. நான் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்ததால் யாரும் என் வாயைப் பார்க்கவில்லை.

"மேஸ்திரிக்குக் குரல் வந்துருச்சுடா!" என்று கத்தினார் மொக்கைச்சாமி சித்தப்பா.

மரம் நின்றதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. "எண்பது வருசமாக் கேக்குதுல்ல, அதுக்கும் முறை தெரியாதாக்கும்," என்றார்கள், அவ்வளவுதான். குரல் வந்ததைத்தான் பேட்டையே கொண்டாடியது. அம்மா மருந்துச் சீட்டோடு ஓடி வந்து கட்டிலருகே மண்டியிட்டு, "இன்னொரு தடவ சொல்லுங்க, எனக்கு ஒரே ஒரு தடவ," என்று அவர் வாய்க்கு நேரே காதை வைத்துக்கொண்டு விளக்கு வைக்கிறவரை எழுந்திருக்கவில்லை. அப்பா அம்மாவின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மொக்கைச்சாமி சித்தப்பா ஒரு பழைய சாக்கைச் சுருட்டிச் சும்மாடு செய்து மரத்தின் வளைவில் வைத்துக் கட்டினார், சுமக்கிறவனுக்கு அது இல்லாவிட்டால் எப்படி என்று. சங்கத்தில் அதைப் பதினைந்தாவது ஆளாகச் சேர்த்தார்கள். செவனம்மாக்கா பதினோரு மணி டீயில் ஒரு கிளாசை வேரில் ஊற்றினாள், சர்க்கரை கம்மியாக, ஏனென்றால் வேலை நேரத்தில் தித்திப்பு ஆகாது. நிழல் பதினோரடி கிழக்கே நகர்ந்துவிட்டதால் அதில் கடை விரித்திருந்த பூண்டுக்காரர்களும் கூடவே நகர்ந்தார்கள், அந்த இடத்துக்கு ஏற்கனவே உரியவர்கள் சண்டைக்கு வந்தார்கள், பிறகு அரை நாள் அவர்களுக்கு அரை நாள் இவர்களுக்கு என்று நிழலைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். சாயங்காலம் வேலை முடிந்ததும் லோடுமேன்கள் இரண்டிரண்டு பேராக வந்து தோளை மரத்தில் கொடுத்துக் கால் மணி நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். அதனால் மரத்துக்கு ஒரு பலனும் இல்லை என்று அவர்களுக்கும் தெரியும். கூட வேலை பார்க்கிறவன் சுமந்துகொண்டிருக்கும்போது வெறுங்கையோடு கடந்து போவது மரியாதை இல்லை, அவ்வளவுதான்.

கிரேன்காரர் வந்து சுற்றிப் பார்த்தார். "மேல கைய வச்சா வந்துரும். கீழ வீட்டக் காலி பண்ணுங்க, அப்பறம் வெட்டுறேன்."

ஞானதுரை சார் மூன்று தடவை இருமிவிட்டுப் படிவத்தைக் காட்டினார். "விழுந்த மரம்னு ஒரு கட்டம் இருக்கு. நிக்கிற மரம்னு ஒரு கட்டம் இருக்கு. நடுவுல கட்டம் இல்லம்மா. நான் எதுல எழுத?"

வரிசையில் மற்ற வீடுகள் இரண்டே நாளில் காலியாயின. பதினான்கு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்து, கட்டிலோடு அப்பாவைத் தூக்கி ஏலக் கொட்டகையில் வைத்துவிடலாம் என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். அப்பா வலது கையை நீட்டிக் கதவு நிலையைப் பிடித்தார். இடது கையால் கட்டில் சட்டத்தை ஒரே ஒரு தட்டுத் தட்டினார்.

புடி.

"புடி சொன்னவரு நகர மாட்டாருடா," என்றார் மொக்கைச்சாமி சித்தப்பா மெல்ல. பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் கையை எடுத்தார்கள். அவர்களுக்கு அது புரிந்துவிட்டது, எனக்கும். 'எறக்கு' சொன்னால் மரம் அவர்மேல் இறங்கும். சொல்லும்வரை அவர் கீழேயிருந்து நகர மாட்டார். நான் இழுத்த ஒரு குரலில் இரண்டு பேரும் கட்டுண்டு கிடந்தார்கள், அவிழ்க்கிற முனை எனக்கு மட்டும் தெரியும், அதை அவிழ்த்தால் அம்மா கேட்காமல் போன அந்த ஒரு தடவையும் பொய்யென்று ஆகிவிடும். அம்மா இப்போது வாசலில் கோலம் போடுவதைக்கூட நிறுத்தியிருந்தாள், கோலமாவு விழுகிற சத்தம் இடைஞ்சல் என்று.

லோடுமேன்கள் சுமக்கிறவன் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், முகம் பொய் சொல்லும். கெண்டைக்காலைப் பார்ப்பார்கள், கால்விரல் விரிகிறதா என்று பார்ப்பார்கள், மேலுதட்டு வேர்வையைப் பார்ப்பார்கள். அந்தக் கண்ணால் தினமும் வாகையைப் பார்த்தார்கள். எட்டாம் நாள் மொக்கைச்சாமி சித்தப்பா மேற்குப் பக்கத்துப் பட்டையைத் தடவி, "இங்க இழுத்துப் புடிக்குது, பாரு, தோலு விறைச்சுப் பளபளன்னு கெடக்கு," என்றார். கிழக்குப் பக்கத்தில் பட்டை முழங்கை மடிப்பு மாதிரி சுருக்கம் சுருக்கமாக விழுந்திருந்தது. அங்கே பாரம் அமுக்குகிறது. பதினைந்தாம் நாள் அடிமரத்திலிருந்து ஒரு முண்டு கயிறு தடிமனுக்குப் புடைத்து மேலே ஏறியது, வலிக்கிற இடத்தில் மரம் சதை போடுகிறது என்றார்கள், வருஷக்கணக்கில் போட வேண்டியதை நாள்கணக்கில் போடுகிறது பாவம். இருபத்து நாலாம் நாள் பிசின் வடிந்தது. முப்பதாம் நாள், நடுப்பகல் வெயிலில், அந்தியில் மூட வேண்டிய இலைகளையெல்லாம் மூடிக்கொண்டது, அதிக பாரத்தில் மனுஷன் கண்ணை மூடிக்கொள்வானே, அந்த மாதிரி. நெற்றுகள் காய்ந்து தொங்கின, காற்று அடித்தது, ஒரு நெற்றும் ஆடவில்லை. பேட்டையில் அந்தச் சளசளப்பு இல்லாமல் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசப் பழகினார்கள், ஏலக்காரர் இருளப்பன்கூட விலையைக் காதில் சொன்னார்.

தினமும் காலையில், அம்மா தண்ணீர் பிடிக்கப் போகிற நேரத்தில், நான் போய்ப் பட்டை வெடிப்பில் வாயை வைத்து அப்பா குரலில் கிசுகிசுத்தேன். துவண்டுபோன ஆளின் காதில் அவர் சொல்வது அது. "அந்தா முடிஞ்சிருச்சு. இன்னும் பத்தடி. விடாத ராசா." மரத்தின் உள்ளேயிருந்து நரம்பு முறுக்குகிற சத்தம் பதிலாக வரும். ஒரு நாள் அதைக் கேட்டுவிட்டு மொட்டைச் சுவருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

முப்பத்தெட்டாம் நாள் மத்தியானம் அம்மா அசந்து தூங்கிய நேரம் பார்த்துக் கட்டிலில் உட்கார்ந்தேன். முதலில் ஞானதுரை சார் மாதிரி இருமினேன். அப்பா சிரிக்கவில்லை.

"யப்பா, அது நீங்க இல்ல. நான்தான் சொன்னேன். உங்களுக்கும் அந்த மரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நெலையை விட்டுட்டு வந்துருங்கப்பா."

ஆச்சரியப்படுவார் என்று நினைத்தேன், அடிக்கக் கை ஓங்குவார் என்றுகூட நினைத்தேன். அவர் என் நெஞ்சில் ஒரு விரலை வைத்தார். பிறகு அந்த விரலை மரம் விழக்கூடிய இடத்தை நோக்கி, தான் படுத்திருந்த கட்டிலை நோக்கி நீட்டினார். பிறகு இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுக் கதவு நிலையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் எழுத்திலிருந்தே அவருக்குத் தெரியும். தன் வாயிலிருந்து வராத குரலைத் தன்னுடையது என்று அவர் ஏற்றுக்கொண்டிருந்தார், ஏனென்றால் அது அவருடையது இல்லையென்றால் என்னுடையது, என்னுடையதென்றால் சாய்கிற பக்கத்தில் நிற்க வேண்டியது நான். முப்பத்தெட்டு நாளாக அவர் என் இடத்தில் படுத்திருந்தார்.

நாற்பத்தோராம் நாள், தை பிறந்த இரண்டாம் நாள், பன்னிரண்டு மணிக்கு அந்த முண்டு துடிக்க ஆரம்பித்தது. கெண்டைக்கால் துடிக்கிற அதே துடிப்பு. பதினான்கு பேரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

"இன்னைக்குப் பொழுது தாங்காது மதினி," என்றார் மொக்கைச்சாமி சித்தப்பா, கையில் குடத்தோடு நின்ற அம்மாவிடம், மரத்தைப் பார்த்தபடியே. "அண்ணன்கிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லிப் பாருங்க."

"அவருதான் சொல்லணும்," என்றாள் அம்மா. "எனக்குன்னு இன்னும் ஒரு வார்த்த சொல்லலயே அவரு."

அப்பா தட்டினார். ஒரு தட்டு. நிறுத்தி, மறுபடி ஒரு தட்டு. புடி, புடி, புடி. விரல் முட்டியில் ரத்தம் கசிந்திருந்தது. மரத்திலிருந்து ஒரு சுள்ளி விழுந்தால்கூட எல்லோரும் தோளைக் குறுக்கினார்கள்.

நான் வீட்டுக்குப் பின்னால் போனேன். இது நான் செய்ததிலேயே பெரிய விளையாட்டு, இதற்கு மேல் ஒன்று எனக்கு இனி அமையாது. பின் ஜன்னலில் வாயை வைத்து, அடிவயிற்றிலிருந்து, கரகரத்து, கடைசியில் சற்றே இழுத்து:

"என்னடா வேடிக்க பாக்குறீங்க? தூக்குங்கடா!"

இருபத்தாறு வருஷமாகக் கேட்ட குரல். பதினான்கு பேரும் யோசிக்கவே இல்லை, அவர்கள் கை யோசிக்காது, கட்டில் தரையைவிட்டு எழும்பியது, அப்பா வெறிபிடித்தது போல ஒரு தட்டு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே இருக்க, அவர் பிடித்த பிடி விடாததால் கதவு நிலையின் ஒரு பக்கம் பெயர்ந்து அவர் கையோடு வர, மேஸ்திரி சொன்னதைக் கேட்டு மேஸ்திரியையே அவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். சங்கிலி மேஸ்திரியின் ஆட்கள் சங்கிலி மேஸ்திரியின் பேச்சைத் தட்டியது அந்த ஒரே ஒரு நாள்தான். அதுவும் அவர் பேச்சைக் கேட்டுத்தான்.

ஏலக் கொட்டகை வரைக்கும் போகட்டும் என்று அவர்கள் நடையை எண்ணினேன். இருபது அடி. முப்பது. பிறகு வீட்டுக்குள் புகுந்து, நிலை பெயர்ந்த வாசல் வழியாக முன்னால் வந்து, கட்டில் கிடந்த இடத்துக்கு நேராக, மரத்தின் முதுகுக்கு அடியில் நின்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். கட்டிலோடு போனவரைப் பார்த்தாள், அவர் வாய் மூடியிருந்ததைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"ஏய், என்னடி அங்க நிக்கிற, வாடி இங்கிட்டு!" என்றாள். ஆறு மாதத்தில் அவள் கத்தியது அதுதான் முதல் தடவை. அப்பா கட்டிலிலிருந்து பாதி சரிந்து தரையைத் தட்டிக்கொண்டிருந்தார், நாலு பேர் அவரைப் பிடித்திருந்தார்கள், மொக்கைச்சாமி சித்தப்பா என்னை நோக்கி ஓடி வந்து பாதியில் நின்றுவிட்டார். சாய்கிற பக்கத்தில் நிற்கிறவரைப் பிடித்து இழுக்கக் கூடாது, அதுவும் முறைதான்.

மேலே பார்த்தேன். இலையெல்லாம் மூடிக் கிடந்தது. பேச வாயைத் திறந்தால் இருளப்பன் வந்தார், செவனம்மாக்கா வந்தாள், இருமல் வந்தது, லாரிப் பாட்டு வந்தது, எல்லாவற்றையும் ஒன்று ஒன்றாக முழுங்கினேன். கடைசியில் ஒன்று மிச்சம் இருந்தது. ஒல்லியாக, கொஞ்சம் கீச்சென்று, நடுங்கிக்கொண்டு, நான் அதுவரை எங்கேயும் கேட்டிராத குரல்.

"நான்தான்," என்றேன். "அது எங்கப்பா இல்ல. சங்கிலி மேஸ்திரி மக முத்தரசி. நான்தான் அவரு மாதிரி சொன்னேன். உன்னைய ஏமாத்திட்டேன். தெனமும் காலையில வந்து ஏமாத்துனேன். உனக்கு யாரும் புடின்னு சொல்லவே இல்ல. நான் இங்கதான் நிக்கிறேன். எறக்கிரு."

அம்மாவின் கையிலிருந்த எவர்சில்வர் குடம் விழுந்து உருண்டு போனது. எவ்வளவு சத்தம்! அவள் குனிந்து அதைப் பிடிக்கவில்லை.

முண்டின் துடிப்பு நின்றது. பட்டையில் இருந்த சுருக்கங்கள் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. நடுப்பகல் பன்னிரண்டரை மணி வெயிலில், நாற்பத்தோரு நாள் சுமந்த மரம், மூடியிருந்த இலைகளைக் கொத்துக் கொத்தாகத் திறந்து, கால்கிட்ட யார் நிற்கிறார்கள் என்று குனிந்து பார்த்தது. ஒல்லியாக ஒருத்தி. ஐந்தடிகூட இல்லை. இவளா?

தூக்கியிருந்த குதிகாலை அது மெல்லத் திருப்பியது, நல்ல லோடுமேன் இறக்குவதற்கு முன் ஆளில்லாத பக்கமாகத் திருப்புவானே, அதேபோல, வடக்கே, வெறும் மண் கிடந்த பக்கமாக.

உச்சிக் கிளையில் ஒரு நெற்று ஆடியது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குக் கீழே ஒரு கொத்து, அதற்குக் கீழே ஒரு கிளை, பிறகு ஆயிரம், பிறகு அத்தனையும், ஒரு பொட்டுக் காற்றில்லாத பகலில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட முட்ட, பேட்டையே அதிர அதிரச் சிரித்தது மரம்.